ஆட்டுக்காரப் பாட்டில் கூப்பிட்டவர்

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டு முடித்த நிமிஷமே இசக்கிசெல்விக்கு அது தெரிந்துவிட்டது. ஆனால் நேரலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருந்த ஒற்றை அறையிலிருந்து கேபிள் வழியாகக் கோவில்பட்டியின் பாதி வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது.

"ஆட்டுக்காரப் பாட்டு எல்லாருக்கும் தெரியும். பாட்டு தொடங்குறதுக்கு முந்தி ஒரு குரல் ஆட்டைக் கூப்பிடும். அது யாரோட குரல்? சின்னதா ஒரு துப்பு தாரேன், ஆள் நம்ம கோவில்பட்டியிலதான் இருக்காவ. பதிலைக் கார்டுல எழுதிப் போடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குப் பார்ப்போம்."

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்து ஆடி மாசம். கரிசல் புழுதியை அள்ளிக்கொண்டு காற்று நாள் முழுக்க ஊருக்குள் ஓடியது. அறைக் கதவைக் கயிறு போட்டுக் கட்டித்தான் நிகழ்ச்சி நடத்த வேண்டியிருந்தது.

மற்ற ஆறு நாளும் இசக்கிசெல்வி எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருப்பாள். ஞாயிறு ஒரு மணி நேரம் மட்டும் உள்ளூர்ச் சேனலில் பாட்டுப் போட்டு, பாட்டுக்கு நடுவே பாட்டுக்காரர்களைப் பற்றித் துணுக்குச் சொல்வாள். பாடியவர் பெயர் எல்லா வீட்டுக்கும் தெரியும். பின்னால் நின்று வாசித்தவர் பெயர் கேசட் அட்டையில்கூட இருக்காது. அவளுக்கு அந்த இல்லாத பெயர்கள்தான் வேண்டும். மழைச் சத்தத்துக்காகப் பித்தளைத் தாம்பாளத்தில் அரிசி கொட்டியவர் யார், ஒரே ஒரு மணி அடிப்பதற்காக ஐந்து மணி நேரம் காத்திருந்தவர் யார் என்று பதின்மூன்று வயதிலிருந்து சேர்த்து வைத்திருந்தாள். பதினோரு நோட்டு ஆகியிருந்தது. ஒவ்வொரு சேதிக்கும் பக்கத்தில் அது எந்தப் பத்திரிகையில் வந்தது, எந்தத் தேதி என்று எழுதி, துண்டையும் வெட்டி ஒட்டியிருப்பாள். துண்டு இல்லாத சேதியைச் சொல்ல மாட்டாள்.

துண்டு இல்லாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முதல் நோட்டின் முதல் பக்கத்தில், சிறுபிள்ளைக் கையெழுத்தில்: 'ஆட்டுக்காரப் பாட்டில் கூப்பிடுவது எங்க அய்யா.'

அவளைப் பெற்ற அய்யா சோலைச்சாமிக்கு ஊர் எப்போதும்வென்றான் பக்கம். நூற்றைம்பது உருப்படி செம்மறி வைத்திருந்தவர். வருஷத்தில் எட்டு மாசம், உரத்துக்காக ஊர் ஊராகப் போய் நிலங்களில் ஆட்டுக்கிடை போடுவார். பிள்ளையின் படிப்புக்காக அம்மா பாண்டியம்மாள் கோவில்பட்டியில் மாமா வீட்டோடு இருந்தாள். எழுபத்தொன்பதாம் வருஷம் கடம்பூர்ப் பக்கம் படம் எடுக்க வந்தவர்கள், சாயங்காலம் அவர் ஆடுகளைக் கிடைக்குக் கூப்பிடுகிற சத்தத்தைக் கேட்டு, இந்தக் குரல்தான் வேண்டும் என்று அவரை மெட்ராசுக்கு ரயிலேற்றிக் கூட்டிப் போனார்கள். நாலாம் நாள் திரும்பி வந்தார். படம் எட்டு நாள்கூட ஓடவில்லை. பாட்டு மட்டும் தப்பித்துக்கொண்டது.

பாட்டு ரேடியோவில் வரும்போதெல்லாம் பாண்டியம்மாள் கை வேலையைப் போட்டுவிட்டு, "ஏட்டி, உங்க அய்யா கூப்பிடுதாவ, கேளு" என்பாள். ஆறு வயசில் இசக்கிசெல்வி ரேடியோவுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்திருக்கிறாள். அய்யா வீட்டுக்கு வந்த நாட்களைவிட ரேடியோவில் வந்த நாட்கள்தான் அதிகம். நேரில் வந்தால் அவர் பேச மாட்டார். சோறு தின்பார், துண்டை விரித்துப் படுப்பார், விடியுமுன்னே போய்விடுவார். பாட்டில் மட்டும்தான் கூப்பிடுவார்.

இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்ததை எடுத்து வெளியே போட வைத்தது ஒரு போன் அழைப்பு. அன்றைக்கு நிகழ்ச்சி நடுவே பெயர் சொல்லாத ஒருவன் கூப்பிட்டு, "எக்கா, ஊருக்கெல்லாம் துணுக்குச் சொல்லுதிய. நம்மூருல தீப்பெட்டியையும் கடலைமிட்டாயையும் விட்டா வேற என்ன இருக்கு? மியூசிக்ல ஒரு ஆளு உண்டா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான். அந்தச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த நிமிஷம் கேள்வி வாயிலிருந்து வந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் பாண்டியம்மாள் குழாயடியில் பதிலையும் சொல்லி முடித்திருந்தாள். செவ்வாய்க்கிழமை சேனல்காரர் மாயகிருஷ்ணன் பூத்துக்கு வந்து கார்டுக் கட்டை மேசையில் போட்டார்.

"நல்ல குடும்பம்மா. கேள்விய நீ கேக்குத, பதில உங்க அம்மை சொல்லுதா. ரெண்டு நாள்ல அறுபது கார்டு, அறுபதிலயும் சோலைச்சாமி. ஒருத்தன் மட்டும் சோலைச்சாமி ஆசாரின்னு போட்டுருக்கான்."

"நிப்பாட்டிரலாமா அண்ணாச்சி?"

"எதுக்கு நிப்பாட்டணும்? நம்ம சேனலுக்கு அறுபது கார்டு என்னைக்கு வந்துருக்கு? உங்க அய்யாவ ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா. சால்வை வாங்கியாச்சு."

அந்த வாரம் சோலைச்சாமி வேறு ஆளாக இருந்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் போனபோது ஆடுகளை விற்றவர், அதற்குப் பிறகு பருத்தி மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியில் பகல் காவல் இருந்தார். கிட்டங்கி உண்டு, வீடு உண்டு. வேறு எங்கும் நின்று அவள் பார்த்ததில்லை. இப்போது கிட்டங்கிக்கு எதிர்த்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுற்றி நாலு பேர் நின்றார்கள்.

"ஏன் அண்ணாச்சி, இத்தனை வருசமா ஒரு வார்த்த சொல்லலையே!"

"சொன்னா நாம டீக்கு வந்து நிப்போம்னு பயந்துட்டாவ."

"மாமா, அந்த நடிகையப் பார்த்தியளா, இல்லையா? அதச் சொல்லுங்க முதல்ல."

அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. டீக் கிளாசைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை சலூனில் போய் முகம் மழித்து வந்தார். பெட்டியில் கிடந்த வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்தார். வாங்கி வந்ததும் ஆணியில் மாட்டிவிட்டு, வீட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தார். இசக்கிசெல்வி அவரைப் பார்த்தாள். இத்தனை நாள் இதைச் செய்யாமல் விட்டோமே என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சாமித்துரை பூத்துக்கு வந்தார். எப்போதும்வென்றான்காரர். முன்பு அய்யாவோடு சேர்ந்து கிடை போட்டவர். கார்டைத் தபாலில் போடாமல் கையில் கொண்டு வந்திருந்தார். கார்டில் கேள்வியை மட்டும் எழுதி, பதிலுக்கு இடம் விட்டிருந்தார்.

"ஒண்ணும் எழுதலையே மாமா?"

"அதான் தாயி கேக்க வந்தேன். எல்லாரும் உங்க அய்யான்னு சொல்லுதானுவ. எனக்குச் சந்தோசந்தான். ஆனா ஒரு இது." காற்றில் பறந்த துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டார். "அந்தப் பாட்டுல வாரது வெள்ளாட்டக் கூப்பிடுத சத்தம்லா? உங்க அய்யா மேய்ச்சது செம்மறி."

இசக்கிசெல்விக்கு விளங்கவில்லை.

"வெள்ளாடு முள்ளுல ஒண்ணு, பாறையில ஒண்ணா நிக்கும். அதுகள நாக்கத் தட்டி, வெடுக்கு வெடுக்குன்னு தனித்தனியாக் கூப்பிடணும். செம்மறி அப்படி இல்ல. ஒண்ணு திரும்பினா அம்புட்டும் திரும்பிரும். அதுக்கு அடித்தொண்டையில இருந்து நீளமா ஒரு சத்தம் போதும். உங்க அய்யா சத்தம் மூணு வயக்காடு தாண்டிக் கேக்கும். நீ கேட்டதில்லையா?"

அவள் கேட்டதில்லை. கிடை நடந்த இடத்துக்கு ஒரு தடவைகூட அவளைக் கூட்டிப் போனதில்லை.

"நான் என்னத்தக் கண்டேன்? மெட்ராசுக்காரன் இப்படிக் கூப்பிடுன்னு சொல்லியிருப்பான், இவரும் கூப்பிட்டிருப்பாரு. நீ படிச்ச பிள்ள. நீ சொன்னா எழுதிக்கிடுதேன்."

"ஞாயித்துக்கிழமை பாருங்க மாமா" என்று சொல்லி அனுப்பினாள்.

அவர் போனதும் பூத்தில் இருந்த சின்ன டேப்பில் கேசட்டைப் போட்டாள். வெடுக்கு, வெடுக்கு என்று நாக்குத் தட்டுகிற சத்தம். பிறகு மேலே எழும்பி உடைகிற குரல். இருபது வருஷமாக மனப்பாடமாக இருந்தது, முதல் தடவையாக யாரோ வெளியாள் கூப்பிடுவதுபோல் கேட்டது. மறுபடியும் போட்டாள். போன் பேச வந்தவர்கள், "எம்மா, எம்புட்டு நேரம் நிக்க, நம்பரப் போடு" என்று கத்த வேண்டியிருந்தது.

அவளிடம் சென்னை நம்பர் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் ஒலிப்பதிவுக்கு வாத்தியக்காரர்களையும் கோரஸ் ஆட்களையும் அழைத்து வருகிற பொறுப்பில் இருந்தவர். நாலு மாசத்துக்கு முன் ஒரு பத்திரிகைப் பேட்டியில், யார் எந்தப் பாட்டுக்கு வந்தார்கள் என்று டைரி வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். பத்திரிகைக்கு எழுதிக் கேட்டு அந்த நம்பரை வாங்கி வைத்திருந்தாள். வேறு பாட்டுகளுக்காக இரண்டு தடவை பேசியும் இருக்கிறாள். இந்தப் பாட்டைப் பற்றி மட்டும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போதுதான் யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று தடவை நம்பரைப் போட்டு, மணி அடிக்குமுன் வைத்தாள். நாலாவது தடவை அவரே எடுத்தார்.

"ஆட்டுக்காரப் பாட்டா? இரும்மா, டைரி மேல இருக்கு." தாள் புரளும் சத்தம். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடின. "சோலைச்சாமி, கோவில்பட்டி பக்கம். இருக்காரே! காலை ஒன்பது மணி. அடேயப்பா, எனக்கு ஞாபகம் இருக்கும்மா. அவர் ஒரு தடவை கூப்பிட்டாரு. வாசல்ல படுத்திருந்த நாய் எழுந்து உள்ள வந்துருச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்ப, பாட்டுல இருக்கிறது அவிய குரல்தான்?"

"அதான் இல்ல. பாடினவருக்குச் சுருதி எட்டலைன்னு ரெண்டு வாரம் கழிச்சுப் பாட்டையே மாத்தி எடுத்தாங்க. முதல்ல எடுத்தது அழிஞ்சுபோச்சு. அந்த டேப் மேலயே வேற பதிவு பண்ணிட்டாங்க. ரெண்டாவது தடவைக்கு அவரைக் கூப்பிட நேரம் இல்ல. கோரஸ்ல பொன்மணின்னு ஒரு பொண்ணு. குழந்தை அழுகை, பூனை, குயில் எல்லாம் அதுதான் பண்ணும். அதுவே கூப்பிட்டுருச்சு. ஆம்பளக் குரல் மாதிரியே இருக்கும். பாவம், எண்பத்தாறுல செத்துப்போச்சு. எங்கயும் பேரே வரல."

"இது எங்க அய்... அவருக்குத் தெரியுமா சார்?"

"நான்தாம்மா கார்டு போட்டேன். தப்பா எடுத்துக்காதீங்கன்னு."

அய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். கார்டு வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் பாண்டியம்மாள் கேட்கச் சொன்னபோதெல்லாம், அவர் வீட்டில் இருந்த நாட்களில், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனது ஏன் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. வெட்கம் என்று அம்மா சொல்வாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அய்யா கிட்டங்கி வாசலில் தனியாக இருந்தார். பருத்தித் தூசி காற்றில் சுழன்று அவர் தலையில் ஒட்டியிருந்தது. அவள் போய்ப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள்.

"மெட்ராசுக்குப் பேசினேன்யா."

அவர் திரும்பவில்லை. தெருவில் ஒரு லாரி பின்னால் வந்து, முன்னால் போய், மறுபடி பின்னால் வந்து நின்றது. லோடு இறக்க ஆள் வந்தார்கள். இரண்டு மூட்டை இறங்கியது.

"யாருட்ட?"

"உங்களுக்குக் கார்டு போட்டவருட்ட."

இன்னும் நாலு மூட்டை இறங்கியது.

"நான் எங்கயும் சொல்லலையே" என்றார். "உங்கம்மா சொன்னா. நீ சொன்ன. இப்ப ஊரு சொல்லுது. நானா சொன்னேன்?"

"இல்லைன்னும் நீங்க சொல்லலையே."

"சொன்னா உங்கம்மா மூஞ்சி என்னமாப் போயிருக்கும்? ஆடு மேய்க்கிறவனக் கட்டினோம்னு இருந்தவளுக்கு அது ஒண்ணுதான இருந்துச்சு." தலையைத் தட்டித் தூசியை உதறினார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் அப்படி நேராகப் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை. "இந்த அஞ்சு நாளாத்தான்ட்டி நாலு பேரு என்ட்ட பேசுதானுவ. எனக்குப் பேச வரலைன்னாலும் பக்கத்துல உக்காருதானுவ. விட்டுரு. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? சொல்லாத தாயி."

தாயி என்று அவர் இதற்கு முன் கூப்பிட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. சரி என்று தலையசைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

வீட்டுக்குப் போகாமல் மெயின் ரோட்டில் நடந்தாள். ரயில்வே கேட்வரை போய்த் திரும்பினாள். மறுபடியும் போனாள். விட்டுவிடலாம். ஒரு பெயரைச் சொல்லி, சால்வையைப் போட்டு, அடுத்த பாட்டைப் போட்டுவிடலாம். பொன்மணி செத்துப் பதினைந்து வருஷம் ஆயிற்று. அவளுக்காகக் கார்டு போட ஆள் இல்லை. அப்படி நினைத்தபோது கால் நின்றது. பெயர் இல்லாதவர்களுக்காகத்தான் பதினோரு நோட்டு. அதில் ஒருத்தியின் பெயரை எடுத்து ஒளித்து வைக்கப் போவது நானா? அதற்காக அய்யாவை மறுபடியும் அந்தக் கல்லில் தனியாக உட்கார வைப்பதா? வீட்டுக்குள் நுழைந்தபோது வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கியது. அவள் அதைப் பார்க்காமல் போய்ப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. கார்டு நூற்று முப்பது வந்திருந்தது. சோலைச்சாமி வெள்ளைச் சட்டையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேமராவுக்கு இந்தப் பக்கம் மாயகிருஷ்ணன் சால்வையோடு நின்றார். கதவைக் கட்டியிருந்த கயிறு காற்றில் விம்மியது.

மூன்று பாட்டு போனது. மூன்று துணுக்கும் சொன்னாள். எதைச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு கார்டுக் கட்டைக் கையில் எடுத்தாள்.

"நூத்திமுப்பது பேர் எழுதியிருக்கீங்க. எல்லாருக்கும் நன்றி." கார்டுக் கட்டைக் கீழே வைத்தாள். "யாரும் சரியா எழுதல. தப்பு உங்க மேல இல்ல. கேள்வி கேட்ட என் மேலதான். நான் விசாரிக்காம கேட்டுட்டேன். அந்தக் குரல் பொன்மணியம்மாவோடது. கோரஸ் பாடுனவங்க. ஆம்பளக் குரல்ல அவங்கதான் கூப்பிட்டாங்க. அவங்க இப்ப இல்ல. அவங்க பேரு எந்த அட்டையிலயும் கிடையாது. இன்னைக்கு நம்ம சேனல்ல சொல்லியாச்சு."

மாயகிருஷ்ணன் கையை வீசிவீசி ஏதோ காட்டினார். அவள் அய்யா பக்கம் திரும்பவில்லை.

"அதுக்கு முந்தி ஒரு தடவை எடுத்தாங்க. அதுல கூப்பிட்டது இவிய, சோலைச்சாமி. அந்த டேப் இப்ப இல்ல. அத நாம யாரும் கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல."

மைக்கை மேசையில் வைத்தாள். டியூப் லைட்டின் முணுமுணுப்பு மட்டும் ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. அப்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு பையன் குரல்.

"எக்கா, அப்ப தாத்தாவ இப்பக் கூப்பிடச் சொல்லுங்களேன். கேப்போம்."

மாயகிருஷ்ணன் முகம் மலர்ந்தது. மைக்கைச் சோலைச்சாமியின் வாய்க்கு நேரே நீட்டினார். "கூப்பிடுங்க அண்ணாச்சி. ஊரே கேக்குதுல்லா."

சோலைச்சாமி மைக்கைப் பார்த்தார்.

"ஆடு எங்க?" என்றார்.

எழுந்தார். கதவுக் கயிற்றை அவிழ்த்தார். காற்று உள்ளே பாய்ந்து நூற்று முப்பது கார்டையும் அறை முழுக்க வாரி இறைத்தது. அவர் படி இறங்கிப் போய்விட்டார்.

"பாட்டைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு இசக்கிசெல்வியும் இறங்கினாள். வெயிலில் அவர் முழங்காலை இழுத்து இழுத்து முன்னால் போனார். பத்தடி பின்னால் அவள் போனாள். கூப்பிட வாய் வரவில்லை. கடைகளில் டிவி ஓடியது. வாசலில் நின்றவர்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். கிட்டங்கிக்கு இன்று லீவு. அவர் அங்கேதான் போனார். பூட்டிய கதவு முன்னால் நின்றார். எதிரே டீக்கடையிலிருந்து ஒருவர் சத்தம் கொடுத்தார்.

"என்ன அண்ணாச்சி, வெயில்ல நிக்கிய? டீ ஆறுது."

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர் ரோட்டைக் கடந்தார். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் கடைக் கூரையின் நிழலுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

"உங்க மக உங்க காலை வாரிவிட்டாளே மாமா" என்றான் ஒருவன்.

"ஏலே, சும்மா கிட" என்றார் டீ மாஸ்டர். "அண்ணாச்சி, அந்தப் பொம்பளைக்கு எப்படி வந்துச்சு? பட்டணத்துக்காரிக்கு நம்ம ஆடு கூப்பிடுத சத்தம் எப்படித் தெரியும்?"

சோலைச்சாமி கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல் பதில் வராது என்று எல்லோரும் வேறு பேச்சுக்குத் திரும்பினார்கள்.

"நாந்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றார்.

பெஞ்சே அவர் பக்கம் திரும்பியது.

"அன்னைக்கு அது எனக்குப் பக்கத்துலதான் நின்னுச்சு. சின்னப் பிள்ள, இருபது இருக்கும். எனக்கும் சொல்லிக்குடுங்கண்ணேன்னு கேட்டுச்சு. செம்மறிச் சத்தம் அதுக்குத் தொண்டையில நிக்கல. மூணு தரம் பார்த்துட்டு இருமிருச்சு. சரி, அது வேண்டாம், வெள்ளாட்டுச் சத்தம் பழகுன்னேன். நாக்க எங்க வைக்கணும்னு காட்டுனேன். சட்டுனு பிடிச்சிக்கிட்டுது..."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. இது நடந்ததா, இந்தப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு முளைத்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. பொன்மணி இல்லை. டேப் இல்லை. சென்னைக்காரர் டைரியில் இது இருக்காது.

அவர் தலையைத் தூக்கியபோது அவள் நிற்பது தெரிந்தது. பேச்சு பாதியில் நின்றது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கிளாசைக் கீழே வைத்தார். எடுக்கவுமில்லை, எழுந்திருக்கவுமில்லை. காற்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. ஒரு பஸ் கடந்து போனது. புழுதி அடங்க நேரமாயிற்று.

"பெறவு?" என்றாள் இசக்கிசெல்வி.

அவர் சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெஞ்சுக்காரர்கள் பக்கம் திரும்பாமல், அவளைப் பார்த்தே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.